தலைய மட்டும் பார்சல் போடு, பேராண்டி

காலையில மொட்டமாடியில நின்னு போன்ல பேசிக்கிட்டிருந்தப்பக் கைய அந்த ஆட்டு ஆட்டுனியே பேராண்டி, யாருக்குலே காட்டுன? அங்கிட்டு இருக்கிறவனுக்கு உன் கை தெரியாது. இங்கிட்டு இருந்தது நானும் வத்தல் காயப்போட்ட உங்க அப்பத்தாவும்தான். அவளுக்கு உன் இங்கிலீசு ஒரு எழுத்துப் புரியல. ஆனா கையப் பாத்துட்டு, "பய எதையோ முடியாதுங்கான், கடைசியில சரின்னு சொல்லிருவான்"னா. கீழ எறங்கி வந்து நீயே சொன்ன, ஞாயித்துக்கெழமையும் வேலை பாக்கச் சம்மதிச்சிட்டேன்னு.

இம்புட்டும் நடந்த பெறகு, காப்பிய உறிஞ்சிக்கிட்டே எனக்குப் பாடம் எடுக்க. யோசிக்கிறது பூராம் மண்டைக்குள்ளயாம், ஒடம்பு சும்மா அதத் தூக்கிட்டுத் திரியிற வண்டியாம். சரிலே, படிச்ச பய சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்பிடின்னா பெங்களூருக்குப் பஸ் டிக்கெட்டு எதுக்கு? கழுத்துக்கு மேல உள்ளத மட்டும் பார்சல் போட்டு அனுப்பு. சிவகாசியில லாரி ஆபீசுக்கா பஞ்சம்? மிச்சத்த இங்க விட்டுட்டுப் போ, தண்ணிக் கொடம் தூக்க ஆளில்லாம இருக்கு.

பொறவியிலயே பார்வை இல்லாத பிள்ளைகளும் பேசுறப்பக் கைய ஆட்டுதுகளாம். கேக்கிற ஆளுக்கும் பார்வை இல்லன்னு தெரிஞ்சும் ஆட்டுதுகளாம். ஐவர்சன், கோல்டின்-மெடோன்னு அமெரிக்காவுல ரெண்டு பொம்பளைக 1998-ல சோதிச்சு எழுதியிருக்காக. அப்ப அந்த ஆட்டம் யாருக்கும் காட்டுறதுக்கு இல்ல. கை ஆடுனாத்தான் நெனப்பு நகரும்போல. தாத்தாவுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு முழிக்காத. நான் அச்சாபீசுல காலத்த ஓட்டுனவன். கையில சிக்குன தாளையெல்லாம் வாசிச்சே தீர்றது எங்க தொழில் வியாதி. இப்ப உன் தங்கச்சி வேற போன்ல தேடித் தாரா.

மனசு வேற ஒடம்பு வேறன்னு கட்சி கட்டுனதுல பேர்போன ஆளு தேக்கார்த்துங்கிற பிரெஞ்சுக்காரரு. 1619-ல, ஜெர்மனியில, குளிர்காலத்துல, அடுப்பு வச்ச அறைக்குள்ள ஒத்தையில உக்காந்து யோசிச்சாராம். அந்த அடுப்புக்கு வெறகு போட்டது யாருன்னு நான் பாத்த புத்தகத்துல ஒண்ணும் இல்ல. அடுப்பு அணைஞ்சிருந்தா அவரு மனசப் பத்தியா யோசிச்சிருப்பாரு? வெறகப் பத்தித்தான் யோசிச்சிருப்பாரு.

நான் கம்பாசிட்டர் வேலைக்குப் போனப்ப, மொத நாளு கேஸு முன்னால நிக்கத்தான் சொன்னாக. கேஸுன்னா அறை அறையாத் தடுத்த மரத்தட்டு. ஒவ்வொரு அறைக்குள்ளயும் ஒரு ஈய எழுத்து. இங்கிலீசுக்கு எழுத்து இருபத்தாறு, பெருசு சின்னதுன்னு அதுல ரெண்டு பங்கு. நம்ம தமிழுக்கு எம்புட்டு அறை வேணும்னு நெனச்சுப் பாரு. எழுத்து வேற இடம் வலம் மாறிக் கெடக்கும். இடது கையில எழுத்து அடுக்குற ஸ்டிக்கு, கண்ணு எழுதிக்குடுத்த தாள்ல, வலது கை பாட்டுக்கு அறைக்கு அறை போய்ட்டு வரும். "ழு எங்கய்யா இருக்கு?"ன்னு வாயால கேட்டா ஒரு கம்பாசிட்டருக்கும் சட்டுன்னு சொல்ல வராது. கைய நீட்டிப் பாத்துட்டுத்தான் சொல்லுவான்.

1978-ல எம்.ஜி.ஆர். அரசாங்கம் பெரியாரோட எழுத்துச் சீர்திருத்தத்த ஏத்துக்கிட்டு உத்தரவு போட்டுச்சு. ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை வச்ச பழைய உருவத்த விட்டுட்டு இப்ப நீ எழுதுற உருவத்துக்கு மாறுச்சு. உத்தரவப் படிக்கத் தலைக்கு அரை நிமிசம் பிடிச்சிருக்குமா? கைக்கு மாசக்கணக்காச்சு. முன்னால ஒரே அச்சு. இப்ப ஐகாரக் கொம்புக்கு ஒரு அறை, னகரத்துக்கு ஒரு அறைன்னு கை ரெண்டு எடத்துக்குப் போகணும். 'அன்னை'ன்னு வந்தா ஆபீசுல இருந்த அம்புட்டுக் கையும் பழைய அறையிலதான் போய் நிக்கும். புதுசா சேந்த பயலுகளுக்கு அந்தத் தொல்லை இல்ல, அதுலதான் எங்களுக்கு வயித்தெரிச்சல்.

மெர்லோ-பொந்தின்னு இன்னொரு பிரெஞ்சுக்காரரு 1945-ல டைப் அடிக்கிறவுகளப் பத்தி இதத்தான் எழுதி வச்சாராம். கட்டை எங்க இருக்குன்னு அவுகளுக்குச் சொல்லத் தெரியாட்டியும் வெரலுக்குத் தெரியும்னு. எங்க போர்மேன் அவர வாசிச்சதில்ல. வாசிச்சிருந்தா, "இதுக்கு எதுக்குய்யா இம்புட்டுத் தாள வீணாக்குனாரு?"ன்னுதான் கேட்டிருப்பாரு.

அது வெள்ளைக்காரன் நாட்டு விசயம்னு தள்ளாத. நம்ம மதுரைப் பக்கமே வந்து ஒருத்தர் நம்மாளுகளப் பரிச்சை வச்சுப் பாத்திருக்காரு. எரிக் பீடர்சன்னு பேரு, நெதர்லாந்துல மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக் கூட்டம். கிராமத்து ஆளுக மேசை மேல இருக்கிற சாமானக்கூட "கெழக்க இருக்கு, தெக்க இருக்கு"ங்காக, டவுனு ஆளுக "இடப்பக்கம், வலப்பக்கம்"ங்காகன்னு கண்டுபிடிச்சாரு. ரெண்டுமே தமிழுதான், பேசுற கூட்டந்தான் வேற. அதோட விடல. இந்தக் கூட்டம் செஞ்ச ஒரு சோதனை இருக்கு. ஒரு மேசையில மிருகப் பொம்மைகள வரிசையா வச்சு, பாத்துக்கன்னு சொல்லி, ஆளத் திருப்பி, பின்னால இருக்கிற மேசையில அதே வரிசைய வைக்கச் சொல்லுவாக. வாயே தொறக்க வேண்டாம். கெழக்கு மேக்குன்னு பேசிப் பழகுன ஆளுக பெரும்பாலும் பொம்மைய அதே தெச பாத்து வச்சாக. இடம் வலம்னு பேசுறவுக, தான் திரும்புன கையோட தெசையையும் திருப்பிட்டாக. 1995-ல அவரு எழுதுன கட்டுரை அது.

உங்க அப்பத்தா நேத்து உன்கிட்ட என்ன சொன்னா? "இலையில தெக்க கெடக்கிற வடைய எடுத்துக்க"ன்னா. நீ போன எடுத்துத் தெச பாத்த. வடை இலையிலயே ஆறிப்போச்சு. அவளுக்குத் தெசயெல்லாம் மூளைக்குள்ள வரைபடமா இருக்குன்னு நெனைக்கியா? வெயிலு எந்தத் தோள்ல விழுது, காத்து எங்கிட்டு இருந்து வருதுன்னு ஒடம்பு பாத்துக்கிட்டே இருக்கு. கூட இருக்கிற ஊரு நாளு பூராம் தெச சொல்லியே பேசுது. நம்ம ஊரு விஸ்வநத்தத்துல தெச தெரியாத ஆளுக்கு வழியும் கெடைக்காது, வடையும் கெடைக்காது.

1963-ல ஹெல்டு, ஹைன்னு ரெண்டுபேரு பூனைக்குட்டிகள வச்சுப் பாத்தாக. இருட்டுல வளத்த ரெண்டு குட்டியில ஒண்ணு நடந்து ராட்டினத்தச் சுத்தணும், இன்னொண்ணு அதுல தொட்டில்ல உக்காந்து சுத்தணும். ரெண்டும் பாத்தது ஒரே காட்சி. கடைசியில நடந்த குட்டிக்குத்தான் பள்ளம் எது மேடு எதுன்னு தெரிஞ்சுச்சு. சொகமா உக்காந்து வந்ததுக்குக் கண்ணு நல்லா இருந்தும் தெரியல. வாசல்ல கம்பெனி காரு, கட்டடத்துல லிஃப்டு, கையில மேப்பு. நான் யாரையும் சொல்லல, பேராண்டி. தொட்டில் குட்டிய வெளிச்சத்துல அவுத்து விட்டதும் சீக்கிரமே தேறிருச்சாம். அதனால ரொம்பக் கவலப்படாத.

இப்ப மாட்டுத் தரகுக்கு வா. நீ வெலை பேசுறது 'சேர்த்திடு' பொத்தானோட சரி. மாட்டுத்தாவணியில அது நடக்காது. (மதுரை பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பேரு சும்மா வரல.) தரகுக்காரரு தோள்ல கெடக்கிற துண்ட எடுத்து வாங்குறவரு கைமேல போடுவாரு. துண்டுக்குள்ள ரெண்டுபேரும் வெரலப் பிடிப்பாக. வாய் மழையப் பத்திப் பேசும், மொகத்துல ஒண்ணும் இருக்காது, உள்ள வெலை ஏறும், எறங்கும். எந்த வெரல எப்பிடிப் பிடிச்சா எம்புட்டுன்னு கணக்கு உண்டு. அத யாரும் கத்துக்கலாம். பிடி எறுகுதா தளருதா, பதிலுக்கு எம்புட்டு நேரம் பிடிக்கு, இதக் கத்துக்கத்தான் வருசமாகும். "இதுக்கு மேல சல்லிக்காசு தரமாட்டேன்"னு வாய் சாமி மேல சத்தியம் பண்ணும். உள்ளங்கை வேர்த்துக் காட்டிக் குடுத்துரும்.

அந்த வெலை யாரு மண்டையில உண்டாச்சு, சொல்லு பாப்போம். வித்தவரு வரும்போது ஒண்ணு நெனச்சிருந்தாரு, வாங்குனவரு வேற ஒண்ணு நெனச்சிருந்தாரு. துண்டுக்குள்ள வந்தது மூணாவது. ரெண்டுபேரையும் தனித்தனி ரூம்புல உக்கார வச்சு, 'இந்த மாட்டுக்கு நியாயமான வெலை என்ன? விடையளி'ன்னு தாளக் குடுத்துப் பாரு. தாளத் திருப்பிக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிருவாக.

இது நான் கட்டிவிடுற கதை இல்ல. நோபல் வாங்குன அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, இன்னும் சிலரு சேந்து கொல்கத்தாவுலயும் டெல்லியிலயும் சந்தையில வேலை பாக்கிற பிள்ளைகளச் சோதிச்சாக. 2025-ல 'நேச்சர்' பத்திரிகையில வந்துச்சு. எடை, வெலை, மீதிச் சில்லறை எல்லாம் மனக்கணக்காச் சொன்ன பிள்ளைக, அதே கணக்கப் பள்ளிக்கூடக் கணக்காத் தாள்ல குடுத்தா தெணறுச்சுக. ஒடனே மீசைய முறுக்கிறாதன்னு உன் தங்கச்சி மிச்சத்தையும் வாசிச்சா. தாள்ல நல்லாப் போட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளைக சந்தைக் கணக்குல தெணறுச்சுகளாம். கத்துக்கிட்ட எடத்த விட்டுக் கணக்கு எந்திரிச்சு வர மாட்டேங்கு. இத ஒத்துக்கிறேன். சந்தைக்காரனுக்கு எல்லாம் தெரியும்னு நான் பீத்திக்கிட்டிருந்ததுல பாதி போச்சு.

கூடிப் படிக்கிறது அடுத்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணலப் பரப்பி வெரலால எழுதுவாக, எண்சுவடிய எல்லாரும் ஒண்ணா ராகம் போட்டுச் சொல்லுவாக, பெரிய பையன் சட்டாம்பிள்ளையா இருந்து சின்னதுகளுக்குச் சொல்லித் தருவான். ஆண்ட்ரூ பெல்லுன்னு ஸ்காட்லாந்துப் பாதிரியாரு ஒருத்தரு 1789-ல மெட்ராஸ் எழும்பூர்ல பட்டாளத்தாரோட அனாதைப் பையங்க பள்ளிக்குப் பொறுப்பா வந்தாரு. நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மணல்ல எழுதுறதப் பாத்தாரு. தன் பள்ளியிலயும் கொண்டாந்தாரு. அங்க இருந்த வாத்தியாருக மொகம் சுளிக்க, ஒரு சின்னப் பையனையே வாத்தியாராக்கி ஓட்டுனாரு. ஊருக்குத் திரும்பி 1797-ல புத்தகம் போட்டாரு. 'மெட்ராஸ் முறை'ன்னு இங்கிலாந்து பூராம் பரவுச்சு. 1832-ல செத்தப்ப வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில அடக்கம் பண்ணுனாக. மணல் பரப்புன திண்ணை வாத்தியாருக்குச் சமாதி எங்கன்னு தேடாத, மணலும் கெடைக்காது.

பிள்ளைக மொதல்ல அடுத்தவுககூடச் சேந்து செஞ்சதத்தான் பெறகு தனக்குள்ள யோசனையாச் செய்யுதுகன்னு ருசியாவுல வைகோத்ஸ்கின்னு ஒரு இளந்தாரி சொல்லிட்டு 1934-ல செத்துப்போனாரு. நல்ல பேச்சு. ஆனா அந்தத் திண்ணையில எல்லாப் பிள்ளையும் ஏற முடியாதுங்கிறதையும் சேத்துக்க. கூடி யோசிச்சோம்னு பெருமை பேசுறப்ப, கூட்டத்துக்கு வெளிய யார நிப்பாட்டுனாகன்னு கேக்கணும். வெளிய நின்ன சனம் அதுக்கும் ஒரு வழி பாத்துச்சு. விருதுநகர்ல வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி சத்திரிய வித்யாசாலா பள்ளிக்கூடத்த நடத்துனாக. காமராசரு படிச்சது அங்கதான்.

உங்க அப்பத்தா கை பட்டாசுச் சரம் பின்னுன கை. இப்பவும் சணல் கெடச்சா வெரல் தானா ஓடும். சரவெடி கூடாதுன்னு 2018 அக்டோபர் 23-ல உச்ச நீதிமன்றம் சொன்னது அவ காதுக்கு எட்டிருச்சு, வெரலுக்கு இன்னும் போய்ச் சேரல. எப்பிடிப் பின்னுறன்னு கேட்டுப் பாரு, "நூலக் கொண்டா, காட்டுறேன்"ம்பா. நாலு பொம்பளைக சுத்தி உக்காந்து ஊர்க்கதை பேசுனாத்தான் அவளுக்கு வேகம் வரும். பக்கத்துக் கை ஓடுற வேகத்துக்கு இவ கையும் ஓடும். ஒத்தையில உக்கார வச்சா பாதிகூட ஓடாதும்பா.

அந்த வேகத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும். கையில அறிவு இருக்குன்னு நீ இப்பத்தான் படிக்க. இந்தப் பக்கத்துல கூலி குடுத்த மகராசங்களுக்கு அது ரொம்ப முன்னாலயே தெரியும். தீக்குச்சி அடுக்குறதுக்கும் பெட்டி ஒட்டுறதுக்கும் பிஞ்சு வெரல்தான் தோதுன்னு சொல்லியே பிள்ளைகள விடியக்காலம் பஸ்ஸுல அள்ளிட்டுப் போனாக. அந்த வெரலுக்கு ஒரே ஒரு வேலை தெரிஞ்சுச்சு, பேனாப் பிடிக்கத் தெரியல. எம்.சி. மேத்தா போட்ட வழக்குல 1996 டிசம்பர் 10-ல உச்ச நீதிமன்றம், பிள்ளைகள வேலைக்கு வச்சவன் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபா கட்டணும்னு தீர்ப்புச் சொல்லுச்சு. அதனால எவனாச்சும் மேடையேறிக் கைத்தெறமையப் புகழ்ந்தா, அந்தக் கைக்கு என்ன கூலி குடுத்தான்னு விசாரிச்சிட்டுக் கை தட்டு.

இன்னொண்ணும் இருக்கு. பட்டாசு ஆலையில மருந்து அறைக்குள்ள கைய நம்பக்கூடாது. ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல கூடாது, இரும்புச் சாமான் ஆகாது, பருத்தித் துணிதான் உடுத்தணும், உள்ள போகும்போது வாசல்ல பதிச்ச செம்புத் தகட்டத் தொட்டுட்டுப் போகணும்னு வச்சிருக்கிறது ஏன்? ஒடம்புல ஏறுற மின்சாரம் ஆயிரம் ரெண்டாயிரம் வோல்ட்டு இருந்தாக்கூட வெரலுக்குத் தெரியாது, மருந்துக்குத் தெரிஞ்சிரும். தெனமும் ஒண்ணும் ஆகாம வீடு திரும்புற கை, நாளைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு படிச்சு வச்சிருது. எண்ணிக்கைக்குக் கூலின்னு ஆயிட்டா தகட்டத் தொடுற நேரமும் அதுக்குக் காசாத் தெரியும். கைக்கு வேகத்தச் சொல்லிக்குடுத்துட்டு, வெடிச்ச பெறகு "தொழிலாளி கவனக்குறைவு"ன்னு எழுதுறது இந்தப் பக்கத்துல பழைய வழக்கம்.

கூட்டத்தையும் நம்ப முடியாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில ஒரு பட்டாசு ஆலை வெடிச்சுச்சு. பொகையப் பாத்ததும் பக்கத்து ஊருச் சனம் ஓடுச்சு. தூக்கிவிட ஓடுனாக, பாக்க ஓடுனாக. அந்த நேரம் எவனும் யோசிச்சு ஓடல, காலு ஓடுச்சு, அத்தனை காலும் சேந்து ஓடுச்சு. அப்பறம் திரும்ப வெடிச்சுச்சு. செத்ததுல பலபேரு அந்த ஆலையில வேலையே பாக்காதவுக. அதுல நையாண்டி பண்ண எனக்கு ஒண்ணும் இல்ல, பேராண்டி.

இந்தத் தொழில்ல கை போனவுகளக் கேளு, இல்லாத வெரல் அரிக்குதும்பாக, மடங்கிப்போய் வலிக்குதும்பாக. முன்னால இதப் பேய்க்கோளாறுன்னு தள்ளிருவாக. மெட்ராஸ் ஸ்டான்லியில டாக்டருக்குப் படிச்ச வி.எஸ். ராமச்சந்திரன் அமெரிக்காவுல இருந்துக்கிட்டு இதுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செஞ்சாரு. இருக்கிற கைய கண்ணாடி முன்னால வச்சு ஆட்டுனா, இல்லாத கை எடத்துல ஒரு கை ஆடுறது தெரியும். அதப் பாத்ததும் சிலருக்கு மடங்கிக் கெடந்த வெரல் விரிஞ்ச நெனப்பு வந்து வலி கொறஞ்சுச்சாம். மருந்து இல்ல, கத்தி இல்ல, ஒரு கண்ணாடி. இடம் வலம் மாத்தி வாசிச்சே சம்பாரிச்ச எங்க அச்சாபீசுக்காரங்கள்ல ஒருத்தனுக்கும் இந்த ரோசன வரலியேன்னு எனக்கு ஆத்தாமைதான். மண்டைக்குள்ளதான் எல்லாம்னு நீ சொன்னதுக்கு இது சாட்சின்னு எடுத்துக்கிருவ, தெரியும். எடுத்துக்க. ஆனா மண்டைக்குள்ள இருந்ததத் தீக்க கண்ணும் கையும் கண்ணாடிய நீட்டுன இன்னொரு ஆளும் வேண்டியிருந்துச்சா இல்லியா?

சரி, புத்திமதி கேட்டியே. கேக்கலியா? கேக்காட்டியும் சொல்லுவேன், எனக்கு வேலை இல்ல. கணக்கு மாட்டிக்கிச்சுன்னா நாற்காலிய விட்டு எந்திரி. தெருவுல இறங்கி நட, போன எடுக்காம. ஒனக்குப் புரியாதத, ஒண்ணும் தெரியாத ஒரு ஆளுகிட்டச் சொல்லிப் பாரு. அப்பத்தாகிட்டயே சொல்லு. அவ ரெண்டு கேள்வி கேப்பா, மூணாவதுக்கு உனக்குப் பதில் தெரியாது, அங்க ஆரம்பி. காய்கறி வாங்குறப்ப வெண்டைக்காய் நுனிய ஒடிச்சுப் பாரு, கடைக்காரம்மா திட்டுனா திட்டட்டும், அதுவும் படிப்புத்தான். ஞாயித்துக்கெழமைய வித்துட்ட, சனிக்கெழமையாச்சும் உன்கிட்ட இருக்குல்ல? அன்னைக்கு எட்டயபுரத்துல ஆட்டுச் சந்தை. விடிய முன்னால கெளம்பணும். துண்டு நான் கொண்டாரேன், வெலைய நீ பேசு. ஏமாந்தாலும் பரவாயில்ல, காசு உன்னுதுதான.